மூக்கில் வைக்காத ஈயம்

ஒரு காலத்தில் ஒரு போர் விமானம் இருந்தது. முழங்கை நீளம்தான் இருக்கும். ராயபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறை மேசையில் அது உருவாகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் துண்டுகளாக அட்டைப்பெட்டியில் வந்து, இறக்கை ஒரு நாள், வால் ஒரு நாள் என்று ஒட்டப்பட்டு, மெல்ல மெல்ல விமானம் என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தது. பறக்கவே போகாத விமானம். அந்த விஷயத்தை அதனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது காதில் போட்டுக்கொண்டிருக்காது.

அதைச் செய்துகொண்டிருந்தவர் குணாளன். துறைமுகத்தையொட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் நேரே இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவரைப் போலப் பொம்மை விமானப் பித்துப் பிடித்தவர்கள் ஊரில் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். பொம்மை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எழும்பூரில் ஒரு மண்டபத்தில் அவரவர் மாடலைக் கொண்டுவந்து வைத்து, ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். குணாளன் வருஷா வருஷம் போவார், அடுத்தவருக்குக் கை தட்டிவிட்டு வருவார். இந்தத் தடவை மற்றவர்கள் தனக்குக் கை தட்ட வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தார்.

ஆனால் இது குணாளனின் கதை இல்லை. விமானத்தின் கதையும் இல்லை. அந்த மேசை ஓரத்தில், ஒரு பாட்டில் மூடிக்குள் கிடந்த ஈயக்கட்டியின் கதை.

ஈயக்கட்டி பார்ப்பதற்கு வேப்பங்கொட்டையைப் பெரிதாக்கினது போல இருக்கும். நீளவாக்கில் கயிறு கோக்க ஒரு துளை. குணாளனின் மனைவி ஃபிலோமினா காசிமேட்டுக்காரி. அவளுடைய அண்ணனின் வலையில், அடிக்கயிற்றில், அது பல வருஷம் கடலுக்குள் கிடந்தது. வலை நைந்துபோய் இனித் தைத்துப் பிரயோஜனமில்லை என்று ஆனபோது ஈயங்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார்கள். குணாளன் கேட்டதும் அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள்.

எதற்குக் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விமானங்களுக்குக் கனமெல்லாம் பின்பக்கம். இன்ஜினும் பின்னால், இரட்டை வாலும் பின்னால். முன்னால் மூக்கு வெறும் கூடு. அப்படியே சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கு மேலே எழும்பி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் மூக்கை மூடி ஒட்டுவதற்கு முன்பே உள்ளே ஒரு கனத்தை வைத்துவிடுவார்கள். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் ஒரு தடவையாவது மறந்தும் இருக்கிறார்கள்.

தன்னை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஈயக்கட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருட்டு மூக்குக்குள் போய் அடைபட்டால் யார் கண்ணிலும் பட முடியாது என்பது அதற்குத் தெரியும். அதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கடலுக்கடியில் மட்டும் யார் பார்த்தார்கள்? மேலே மிதப்புக்கட்டைகள் இழுக்கும், கீழே ஈயங்கள் இழுக்கும். அந்த இழுபறியில்தான் வலை தண்ணீருக்குள் சுவர் போல நிற்கும். ஒன்றை நிற்க வைப்பதுதான் தன் தொழில் என்று ஈயக்கட்டி நினைத்திருந்தது. டப்பாவுக்குள் சும்மா கிடந்த காலத்தில் அந்தத் தொழில் இல்லாமல் அது உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் ஒன்றை நிறுத்திக் காட்ட ஒரு வாய்ப்பு. இதை விட்டால் இனி வேறு கதி இல்லை என்பதும் அதற்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு நாள் குணாளன் அலுவலகத்துக்குப் போனபிறகு அது விமானத்திடம் மரியாதையாகப் பேச்சுக்கொடுத்தது. தான் இன்னார், இன்ன வேலைக்காக வந்திருப்பதாகச் சொன்னது.

விமானம் அதை மேலும் கீழும் பார்த்தது. "நான் பறக்கப் பிறந்தவன். தலைக்குள் கனத்தை வைத்துக்கொண்டு எவனாவது பறப்பானா?"

"பறப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது. நிற்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்."

"நிற்பதற்குக்கூட இன்னொருவன் வேண்டும் என்கிறாயா? அதுவும் மீன்வாடை அடிக்கிற நீ?"

சுற்றி நின்ற பெயிண்ட் ஜாடிகள் குலுங்கிச் சிரித்தன. அதிலும் சாம்பல் பெயிண்ட் ரொம்ப நேரம் சிரித்தது. அதற்கு அந்த மேசையில் தனி மதிப்பு. இறக்கை, உடம்பு, வால் எல்லாவற்றுக்கும் அதுதான் பூசப்பட வேண்டியது. யாரை எப்படித் தடவிக்கொடுக்க வேண்டும் என்பது பெயிண்டுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? உங்களுக்கு இருக்கிற உடல்வாகுக்கு ஒரு குறையும் இல்லை என்றது. எங்கள் கை பட்டால் காற்றே வழிவிடும் என்றது. இந்த மாதிரிக் கனமான ஆசாமிகள் எப்போதும் கீழே இழுக்கத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்குப் பிழைப்பே அதுதான் என்றும் ஒரு போடு போட்டது.

அந்த மேசையில் ஈயக்கட்டிக்குப் பரிந்து பேசியது உப்புத்தாள் மட்டும்தான். அதற்கு நாக்கு கொஞ்சம் கரடு. "அடே, உன் மூக்கு காலியாக இருக்கிறது. நான் உரசிப் பார்த்தவன், எனக்குத் தெரியும்" என்று விமானத்திடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. உரசிப் பேசுகிறவர்களை யாருக்குத்தான் பிடிக்கும்? உண்மையாகவே இருந்தாலும் எரிச்சல்தான் வரும். விமானம் அன்றிலிருந்து உப்புத்தாளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

பொருள்களுக்கு நடக்கத் தெரியாது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஒளியவும் ஒளிக்கவும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். மூக்குக்கண்ணாடியைத் தேடினவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். மூக்கு ஒட்ட வேண்டிய நாள் காலையில் சாம்பல் பெயிண்ட் ஜாடி மெல்ல நகர்ந்து ஈயக்கட்டி கிடந்த மூடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. பின்னாலிருந்து ஈயக்கட்டி தன்னாலான மட்டும் கத்திப் பார்த்தது. மனிதர்களுக்கு அது கேட்பதில்லை.

குணாளனுக்கும் அன்றைக்குப் பொறுமை இல்லை. எப்போது ஒட்டி முடிப்போம், எப்போது பெயிண்டைத் திறப்போம் என்று கை பரபரத்தது. அவருக்கு எப்போதும் பெயிண்ட் மேல்தான் கண். மூக்கில் பசை தடவும்போது என்னவோ விட்டுப்போன மாதிரி ஒரு கணம் நிமிர்ந்து மேசையைப் பார்த்தார். கண்ணெதிரே சாம்பல் பெயிண்ட் ஜாடி பளபளவென்று நின்றது. அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது. மூக்கை வைத்து அழுத்தி ஒட்டினார்.

ஒட்டின இடத்தில் இடுக்குத் தெரியாமல் பட்டி வைத்து, காய்ந்தபிறகு உப்புத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க உப்புத்தாள் உள்ளே வெறுமையாக இருப்பதைக் கரகரவென்று சொல்லிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்ததும் தேய்ந்துபோனதென்று அது குப்பைக்கூடைக்குப் போனது. மேசையில் அதற்கப்புறம் கரகரச் சத்தமே இல்லை, ஒரே இனிப்புப் பேச்சுத்தான்.

பெயிண்ட் வேலை தொடங்கியது. ஜாடியை எடுக்கும்போதும் குணாளனின் கண் பெயிண்ட் மேல்தான், திரும்ப வைத்ததும் அது நகர்ந்து மூடியை மறைத்துக்கொள்ளும். முதலில் உடம்பில் தகடுகள் சேருகிற கோடுகள் எல்லாவற்றிலும் கறுப்பு. அதன்மேல் சின்ன ஸ்ப்ரேயால் சாம்பல் நிறத்தை மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்து இன்னொரு பூச்சு என்று அடித்தார். குணாளனின் கை அதில் கெட்டிக்கை, அதை மறைக்கக் கூடாது. பிளாஸ்டிக் என்பது மறைந்து இரும்பு போல ஆகிவிட்டது. பிறகு சின்னங்கள் வந்தன. தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டு ஒட்டுகிற மெல்லிய படங்கள் அவை. இறக்கையில் கொடி, வாலில் எண், விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே வரிசையாகச் சின்ன நட்சத்திரங்கள். வீழ்த்தின எதிரி விமானம் ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் என்பது போர் விமானங்களில் வழக்கம்.

விமானத்துக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "நான் இன்னும் யாரையும் வீழ்த்தவில்லையே?"

"அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ குத்திக்கொள்ள நெஞ்சைக் காட்டினால் போதும்" என்றன நட்சத்திரங்கள்.

கடைசியாகக் கரி. ஆமாம், கரி. புத்தம்புது விமானத்துக்கு அழுக்குப் பூசுவதுதான் இந்தக் கலையின் உச்சம் என்று இவர்கள் சொல்வார்கள். துப்பாக்கி வாயில் புகை படிந்த மாதிரி, இன்ஜினில் எண்ணெய் வழிந்த மாதிரி, இறக்கை விளிம்பில் பெயிண்ட் உரிந்த மாதிரி. எந்தப் போரில் பட்ட காயம் இது என்று விமானம் கேட்டது. பார்க்கிறவர்கள் ஒரு போரை நினைத்துக்கொள்வார்கள் என்றது கரி. அதற்கப்புறம் விமானம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டது. காயம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, அப்படியானால் போரும் நடந்திருக்கத்தான் வேண்டும் என்று நம்பத் தொடங்கிவிட்டது. ஈயக்கட்டி பாட்டில் மூடிக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அழுகைதான் வந்தது. தன்னை ஒதுக்கினதற்காக அழவில்லை. இவ்வளவு அலங்காரமும் ஒரு நாள் மல்லாந்து விழப்போகிறதே என்று அழுதது.

எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் வந்து இறங்கியது. நான் இறங்கிவிட்டால் அப்புறம் எதையும் யாரும் மாற்றக் கூடாது என்றது. எல்லாரும் சரி என்றார்கள்.

சக்கரக் கால்களை எப்போதும் கடைசியில்தான் ஒட்டுவார்கள். முன்பே ஒட்டினால் பெயிண்ட் அடிக்கும்போது ஒடிந்துவிடும். கண்காட்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கால்கள் ஒட்டிக் காய்ந்தன. குணாளன் ஃபிலோமினாவைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் விமானத்தை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தார்.

மூக்கு மெதுவாக மேலே எழும்பியது. வால் டக்கென்று மேசையில் உட்கார்ந்தது. இறக்கையை விரித்துக்கொண்டு, முன்சக்கரம் அந்தரத்தில் ஆட, விமானம் சோற்றுக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஃபிலோமினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னாங்க இது, குந்திக்கினு கீது?"

குணாளன் மறுபடி நிறுத்தினார். மறுபடியும் உட்கார்ந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. பெயிண்ட் ஜாடியை நகர்த்தினார். பின்னால் பாட்டில் மூடி, மூடிக்குள் ஈயக்கட்டி.

"எங்கண்ணன் வலை ஈயம்தானே? உள்ள வெக்கலியா நீங்க?" என்றாள் ஃபிலோமினா. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"மறந்துட்டேன் ஃபிலோ."

மேசைமேல் பெரிய கலவரம். உப்புத்தாள் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கும். அது குப்பையோடு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஈயக்கட்டி யாரையும் குத்திக்காட்டவில்லை. இப்போதும் கெட்டுப்போகவில்லை, மூக்கில் என் அளவுக்கு ஒரு துளை போடட்டும், நான் நுழைந்துகொள்கிறேன், மறுபடி மூடிவிடலாம், மேலே லேசாகத் தழும்பு தெரியும், அவ்வளவுதான் என்றது. அதைக் கேட்டதும் சாம்பல் பெயிண்ட் குதித்தது. என் உடம்பில் துளையா என்றது. வார்னிஷ், எனக்கு அப்புறம் எதையும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொன்னேனா இல்லையா என்றது. விமானம் உட்கார்ந்த நிலையிலேயே தலையை நிமிர்த்தி, நான் விழவில்லை, மேலே கிளம்பத் தயாராக மூக்கைத் தூக்கியிருக்கிறேன் என்றது. நட்சத்திரங்கள் அதை ஆமோதித்தன.

ஃபிலோமினாவும் தன் பங்குக்குத் துளை போட்டுவிடலாம் என்றுதான் சொன்னாள். குணாளன் கத்தியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தார். அத்தனை நாள் உழைப்பு. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வாலுக்குக் கீழே ஒரு குச்சி வைத்து முட்டுக்கொடுக்கலாம். ஆனால் முட்டுக்குச்சியைப் பார்த்ததுமே மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். மூக்கில் கனம் வைக்க மறந்தவன் என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைசியில் ஈயக்கட்டியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விமானத்தின் வயிற்றில், முன்சக்கரத்தை ஒட்டி அதை வைத்துப் பார்த்தார். விமானம் சாதுவாக இறங்கி மூன்று சக்கரத்திலும் நின்றது.

ஈயக்கட்டிக்கு அந்த ஒரு கணம் போதும் போல இருந்தது. உள்ளே இடம் கிடைக்கவில்லை என்றால் என்ன, வெளியே இருந்தாவது நிற்க வைத்துவிட்டேனே என்று பூரித்துப்போனது. ஆனால் குணாளனின் கண்ணில் வந்த வெளிச்சம் வேறு எதற்கோ.

"ஃபிலோ, இத்த குண்டு மாதிரி பண்ணிடலாம். விமானத்துல குண்டு மாட்டியிருந்தா யாரு கேக்கப்போறா?"

அவள் அவரையே பார்த்தாள். "மறந்துட்டேன்னு நாலு பேராண்ட சொல்றதுக்கு வெக்கமா கீது. குண்டு மாட்டிக்கினு போறதுக்கு வெக்கமா இல்லையா?"

"இது சும்மா மாடலுக்கு."

"நாலு வீட்டுக்குச் சோறு போட்ட ஈயங்க அது" என்றாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை மளமளவென்று நடந்தது. கயிறு ஓடின துளையில் இரண்டு பக்கமும் பட்டி வைத்து அடைத்தார். கடல் உப்பு அரித்த சொரசொரப்பைப் புது உப்புத்தாள் வைத்து வழித்தார். பிளாஸ்டிக் துண்டில் நாலு துடுப்பு நறுக்கிப் பின்பக்கம் ஒட்டினார். பச்சை அடித்து, முனையில் மஞ்சளாக ஒரு வளையம் போட்டு, விமானத்தின் வயிற்றில் ஒட்டினார். தான் வேறு, இது வேஷம் என்று ஈயக்கட்டி சொல்லிப் பார்த்தது. துளையை அடைத்தபிறகு அதன் குரல் அதற்கே சரியாகக் கேட்கவில்லை. மூக்குக்குள் நுழைய விடாமல் மறித்து நின்ற பெயிண்ட் ஜாடிகள், ஆரம்பத்திலிருந்தே நாங்கள் இப்படி ஒரு குண்டைத்தான் எதிர்பார்த்திருந்தோம் என்று பேசிக்கொண்டன.

மறுநாள் மண்டபத்தில் குணாளனின் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பெயிண்டைப் பார்த்தார்கள், கரியைப் பார்த்தார்கள், கடைசியில் எல்லார் கண்ணும் குண்டில் போய் நின்றது. நடுவர்களில் ஒருவர், தலை நரைத்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்த ரக விமானம் அந்த இடத்தில் குண்டு மாட்டினதாகத் தான் படித்ததில்லையே என்றார்.

"ஒரே ஒரு சண்டையில மாட்டினாங்க சார். ரொம்பப் பேருக்குத் தெரியாது" என்றார் குணாளன்.

தனக்குத் தெரியாது என்று சொல்ல நடுவருக்கு மனசு வரவில்லை. "ஆமா, கேள்விப்பட்ட மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "மத்ததெல்லாம் மாடல் சார். அந்தக் குண்டு மட்டும் நெஜம் மாதிரி இருக்கு. பாக்கும்போதே அந்தக் கனம் தெரியுது."

முதல் பரிசு குணாளனுக்குக் கிடைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஃபிலோமினாவும் வந்திருந்தாள், அவள் கை அவள் மடியிலேயே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கைப்பேசியில் குண்டை மட்டும் தனியாகப் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் தன்னுடையதிலும் இரண்டு மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவருடைய மேசையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிப் பயிற்சி விமானம் இருந்தது. அது பயந்துபோய் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டது: "அண்ணே, அதை யார் மேலே போடப் போகிறீர்கள்?"

"யார் மேலாவது. இவ்வளவு தூரம் மாட்டியபிறகு போடாமல் இருக்க முடியுமா?" என்றது விமானம். முந்தின நாள் வாலில் உட்கார்ந்திருந்தது அதற்கு நினைவிலேயே இல்லை.

ஈயக்கட்டிக்குப் பொறுக்கவில்லை. அடைத்த துளைக்குள்ளிருந்து முழுப்பலத்தையும் கூட்டிப் பேசியது. "பயப்படாதே தம்பி. நான் குண்டு இல்லை, வலை ஈயம். இவன் விழாமல் நிற்பதற்காக என்னைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு யாரையும் கொல்லத் தெரியாது."

குட்டி விமானம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டது. "குண்டு வேறு எப்படிச் சொல்லும்?" என்றது.

விமானம் குனிந்து தன் வயிற்றின் கீழே பார்த்து அதட்டியது. "உன்னை யார் பேசச் சொன்னது? குண்டுக்குப் பேச்சு கிடையாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு சத்தம்."

ஈயக்கட்டி அந்தச் சத்தத்தைத் தனக்குள் எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தது. கனத்தைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அந்தக் கனத்தில்தான் விமானம் நிமிர்ந்து நின்றது.